கோதுமை இல்லாததைத்தானே கேட்டேன், பிறகும் ஏன்?

கேள்வி: ஒன்பது மாதங்களுக்கு முன் எனக்குச் சீலியாக் நோய் (கோதுமை போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் நோய்) இருப்பது ரத்தப் பரிசோதனையிலும் சிறுகுடல் திசுப் பரிசோதனையிலும் உறுதியானது. வீட்டில் கோதுமை, மைதா, ரவை எதையும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் வேலை காரணமாக வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை உணவகத்தில் சாப்பிட வேண்டியிருக்கிறது. கிரில் செய்த இறைச்சி, உருளைக்கிழங்கு வறுவல், சாலட், சூப் என்று கோதுமை இல்லாததாகப் பார்த்துத்தான் கேட்கிறேன். ‘எனக்குக் குளூட்டன் அலர்ஜி’ என்றும் சொல்லிவிடுகிறேன். அப்படியும் சில நாள் வயிறு உப்பி, மறுநாள் வரை பேதியாகிறது. சில நாள் ஒன்றும் ஆவதில்லை. ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் ஆன்டிபாடி அளவு இறங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் இயல்புக்கு வரவில்லை. ‘துளி பட்டால் என்ன ஆகிவிடப்போகிறது’ என்கிறார்கள் கூடச் சாப்பிடுகிறவர்கள். வெளியே சாப்பிடுவதை அடியோடு விட்டுவிட வேண்டுமா? சாப்பிடும் முன் போட்டுக்கொள்ள என்சைம் மாத்திரை விற்கிறார்களே, அது உதவுமா?

பதில்: அடியோடு விட வேண்டியதில்லை. ஆனால் இப்போது சாப்பிடும் முறையில் தொடரவும் கூடாது. நீங்கள் எழுதியிருக்கும் நான்கு பண்டங்களும் பெயரளவில் கோதுமை இல்லாதவைதான். ஆனால் உணவகச் சமையலறையில் அந்த நான்குமே கோதுமையைத் தொட்டுவிட்டு உங்கள் தட்டுக்கு வரக்கூடியவை. மெனுவைப் பார்த்துப் பண்டத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அதற்கு முன்னால் அந்தச் சமையலறை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து உணவகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன்.

மாத்திரையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அந்த என்சைம்கள் இரைப்பையில் குளூட்டனில் ஒரு பகுதியை உடைக்கக்கூடும். மிச்சமிருப்பது சிறுகுடலுக்குப் போய்ச் சேரும். அங்கே சேதத்தைத் தூண்டுவதற்கு அந்த மிச்சமே போதும். கடையில் கிடைக்கும் எந்த என்சைம் மாத்திரையும் சீலியாக் உள்ளவரின் குடலைப் பாதுகாக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. மாத்திரை இருக்கிறது என்ற தைரியத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் அதிலுள்ள பெரிய ஆபத்து.

அடுத்தது அந்தத் ‘துளி’. கோதுமையில் மட்டுமல்ல, பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இருக்கும் புரதத் தொகுதிதான் குளூட்டன். 30 கிராம் எடையுள்ள ஒரு துண்டு கோதுமை பிரெட்டில் ஏறத்தாழ 2 கிராம், அதாவது 2000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், நோய் கட்டுக்குள் இருந்த சீலியாக் நோயாளிகளுக்கு மூன்று மாதம் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த அளவிலேயே சிறுகுடல் உறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற நீட்சிகள்) சேதமடைந்தன. ஒரு பிரெட் துண்டின் நாற்பதில் ஒரு பங்குதான் அது. ஒரு நாளில் 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதகமில்லை என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அது பிரெட் துண்டில் இருநூறில் ஒரு பங்கு, மேசையிலிருந்து விரலால் ஒற்றி எடுக்கும் பொருக்கு அளவு. உணவுப் பொருளை ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்க சர்வதேச உணவுத் தரநிர்ணய அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் எல்லை, கிலோவுக்கு 20 மில்லிகிராம். அப்படிப்பட்ட உணவை அரைக்கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராமைத் தாண்டாது.

சமைத்தால் குளூட்டன் அழியாது. இது கிருமி இல்லை, கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் குடலைத் தூண்டும் தன்மை போகாது. ‘நல்லா வெந்துவிட்டது, ஒன்றும் ஆகாது’ என்று சமையல்காரர் உண்மையாக நம்பிச் சொல்வார். சேனிடைசர் தடவிய கையும் அப்படித்தான். மாவு ஒட்டியிருந்தால் சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

இனி உங்கள் நான்கு பண்டங்கள்.

சூப்பில் தொடங்குகிறேன், ஏனென்றால் அளவில் பெரிய தவறு அங்கேதான் நடக்கும். கெட்டியான சூப் என்றால் பெரும்பாலும் வெண்ணெயில் மைதாவை வறுத்துச் சேர்த்திருப்பார்கள். ஒரு கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி மைதா என்று வைத்துக்கொண்டால் சுமார் 8 கிராம். அதில் குளூட்டன் 600 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். உங்கள் ஒரு நாள் எல்லையைப் போல அறுபது மடங்கு! தெளிவான சூப்பும் இதிலிருந்து தப்புவதில்லை. ஸ்டாக் கட்டிகளிலும் சூப் பொடிகளிலும் கோதுமை மாவோ, பார்லியை முளைகட்டிச் செய்யும் மால்ட்டோ சேர்ந்திருப்பது சகஜம். ‘சூப்பில் கோதுமை இருக்கிறதா?’ என்று கேட்டால் பரிமாறுபவர் இல்லை என்பார். அவர் மனதில் கோதுமை என்றால் பிரெட்டும் நூடுல்ஸும்தான். ‘சூப்பைக் கெட்டியாக்க எதைச் சேர்க்கிறீர்கள்? ஸ்டாக்கை இங்கேயே காய்ச்சுகிறீர்களா, கட்டியா, பொடியா? பாக்கெட்டைப் பார்க்க முடியுமா?’ என்று கேளுங்கள். சோளமாவுதான் சேர்க்கிறோம், ஸ்டாக் இங்கேயே எலும்பும் காய்கறியும் போட்டுக் காய்ச்சியது என்று பதில் வந்தால் சாப்பிடலாம். பாக்கெட்டைக் காட்ட முடியாது என்றால் சூப் வேண்டாம்.

உருளைக்கிழங்கு வறுவலில் மூன்று வழி. உறைய வைத்து வரும் சில வகைகளுக்கு மொறுமொறுப்புக்காகக் கோதுமை மாவுப் பூச்சு கொடுத்திருப்பார்கள். மேலே தூவும் மசாலாவில் மாவு கலந்திருக்கலாம். மூன்றாவதும் முக்கியமானதும் எண்ணெய். பிரெட் தூள் புரட்டிய கோழியும் மாவில் தோய்த்த மீனும் பொரிந்த அதே எண்ணெயில் உங்கள் வறுவலும் இறங்குகிறது. உதிர்ந்த துகள்கள் அந்த எண்ணெயிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் 2021-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், இப்படிப் பொது எண்ணெயில் பொரித்த 20 வறுவல் மாதிரிகளைச் சோதித்ததில் 9-இல் குளூட்டன் தென்பட்டது. சில மாதிரிகள் கோடெக்ஸ் எல்லையையும் தாண்டியிருந்தன. ‘சில நாள் ஆகிறது, சில நாள் ஆவதில்லை’ என்கிறீர்களே, அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். எண்ணெய் புதிதாக மாற்றிய நாளும் நாள் முழுக்கப் பொரித்துக் கருத்த நாளும் ஒன்றல்ல. தனிச் சட்டி இருக்கிறது என்று சொன்னாலும் இன்னொரு கேள்வி பாக்கி: ‘எண்ணெயை வடிகட்டும் இயந்திரம் எல்லாச் சட்டிக்கும் பொதுவா?’ சில சமையலறைகளில் எல்லா எண்ணெயையும் ஒரே வடிகட்டியில் ஓட்டித் திருப்பி ஊற்றுவார்கள். சட்டி தனியாக இருந்தும் பயனில்லாமல் போகும்.

கிரில்லில் இறைச்சிக்கு முன் பன்னும் பிரெட்டும் வாட்டியிருப்பார்கள். சுரண்டிவிட்டு வைத்தால் போதாது, கம்பிகளின் இடுக்கிலும் தட்டையான கல்லின் ஓரத்திலும் கருகிய பொருக்கு ஒட்டியிருக்கும். கழுவிய தனி வாணலியில் அல்லது அலுமினியத் தாள் விரித்து அதன்மேல் வாட்டித் தரச் சொல்லுங்கள். இடுக்கியும் தனியாக, கழுவியதாக வேண்டும். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்: தாள் புதிது, திருப்பிப் போடும் இடுக்கி சற்று முன் பன்னைத் திருப்பியது. இறைச்சியை எதில் ஊறவைத்தார்கள் என்பதும் கேட்க வேண்டியது. வழக்கமான சோயா சாஸ் கோதுமையும் சோயாவும் சேர்த்துப் புளிக்கவைத்தது. காலையிலேயே ஊறவைத்த துண்டில் சாஸைக் கழுவி எடுக்க முடியாது. உப்பும் மிளகும் மட்டும் போட்டு ஊறாத துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். சாசேஜ், கட்லெட், பர்கர் இறைச்சி போன்ற அரைத்துச் சேர்த்தவற்றில் பிரெட் தூள் கட்டுப்பொருளாக இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சாலட்டில் வறுத்த பிரெட் துண்டுகள் இருந்தால் பொறுக்கி எடுத்துவிட்டுச் சாப்பிடாதீர்கள். துண்டை எடுக்கலாம், இலையில் ஒட்டிய பொடியை எடுக்க முடியாது. டிரெஸ்ஸிங்கில் சோயா சாஸோ மால்ட் வினிகரோ இருக்கக்கூடும். கழுவிய கிண்ணத்தில் கலந்து, எலுமிச்சையும் எண்ணெயும் உப்பும் தனியாகத் தரச் சொன்னால் முடிந்தது.

எல்லாத் தொடுதலும் ஒரே அளவு கெடுதல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எதைக் கண்டாலும் பயம் வந்துவிடும். குளூட்டன் இல்லாத பாஸ்தாவை, சாதாரண பாஸ்தா வெந்த அதே தண்ணீரில் வேகவைத்துப் பார்த்த ஒரு 2020 ஆய்வில் குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியது. பொது டோஸ்டரில் வாட்டிய குளூட்டன் இல்லாப் பிரெட்டில் தாண்டவில்லை. பொதுத் தண்ணீர், பொது எண்ணெய், பொதுச் சாஸ், பறக்கும் மாவு ஆகியவற்றுக்கு முதலில் அஞ்சுங்கள். நாற்காலியில் யாரோ பிரெட் சாப்பிட்டிருப்பாரோ என்ற கவலை தேவையில்லை. டோஸ்டருக்கு இதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தனியாக வாட்டித் தரும் வசதி இருந்தால் அதுவே நல்லது. ஆனால் கேள்வி கேட்க இரண்டே நிமிடம்தான் கிடைக்கிறது என்றால் அந்த இரண்டு நிமிடத்தை எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் செலவிடுங்கள்.

தண்ணீர் என்றதும் ஒன்று. பாஸ்தா வேகும் பெரிய பாத்திரம் நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்கும் சமையலறைகளில், காய்கறியையும் அதே கொதிநீரில் முக்கி எடுப்பது வழக்கம். ‘வேகவைத்த காய்கறி’ என்று மெனுவில் அப்பாவியாக இருக்கும். ‘புதுத் தண்ணீரிலா, ஆவியிலா?’ என்று கேட்டுவிடுங்கள். பாஸ்தாவை வடிகட்டும் சல்லடையின் ஓட்டைகளில் ஒட்டிய பசையும் லேசாகக் கழுவினால் முழுதாகப் போகாது.

இன்னும் சில இடங்களில் குளூட்டன் மறைந்திருக்கும். ஆம்லெட் உப்பி வர முட்டையோடு மாவுக் கரைசல் சேர்க்கும் சமையலறைகள் உண்டு. உடைத்த முட்டையில் உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லலாம், அல்லது ஓட்டோடு அவித்த முட்டை கேட்கலாம். நண்டு இறைச்சி போலச் செய்த மீன் குச்சியில் பெரும்பாலும் கோதுமை மாவுச்சத்து இருக்கும். பக்வீட் என்ற தானியத்தில் குளூட்டன் இல்லை, ஆனால் அதில் செய்ததாக வரும் ஜப்பானிய சோபா நூடுல்ஸில் பெரும்பாலும் கோதுமை கலந்திருக்கும். கூஸ்கூஸ், புல்கர், ஸ்பெல்ட், செய்டான் எல்லாம் கோதுமையே. கூட்டுப் பெருங்காயத்தில் மாவு சேர்ப்பதுண்டு. ‘மைதா சேர்க்காத’ சாக்லேட் கேக்கைச் சுட்ட தட்டில் ஒட்டாமலிருக்க மைதா தூவியிருப்பார்கள். ஐஸ்கிரீமை எடுக்கும் கரண்டி, கூம்பையும் பிஸ்கட் துண்டு கலந்த வகையையும் தொட்டுவிட்டு வரும். புது டப்பாவைத் திறந்து கழுவிய கரண்டியால் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பீர் பார்லியில் செய்வது. குளூட்டனைக் குறைத்ததாக விற்கும் பார்லி பீரையும் தவிர்க்கவும், புளித்த பானத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வழக்கமான சோதனை சரியாகக் காட்டாது. ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவதால், குளூட்டன் இல்லாதது என்று முத்திரையிட்டது மட்டுமே ஆகும். உணவகத்தில் அந்த வகை இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காபியில் ஓட்ஸ் பால் கேட்பதற்கும் இது பொருந்தும்.

எந்த உணவகம்? மாவு பிசையும் இடத்தை முதலில் கழித்துவிடுங்கள். பேக்கரியும் பீட்சா சுடும் இடமும் ‘குளூட்டன் இல்லாத’ வகை வைத்திருந்தாலும், உலர்ந்த மாவு காற்றில் பறந்து பல மணி நேரத்துக்குப் பிறகும் மேசையிலும் சாஸ் கிண்ணத்திலும் படிந்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் 2019-இல் வெளியான ஆய்வொன்று, ‘குளூட்டன் இல்லாதது’ என்று பரிமாறிய உணவகப் பண்டங்களைச் சாப்பிட்டவர்களே கையடக்கக் கருவியால் சோதித்த முடிவுகளைத் தொகுத்தது. ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் குளூட்டன் தென்பட்டது. பீட்சாவிலும் பாஸ்தாவிலும் பாதிக்கு மேல். அந்தக் கருவி 20-க்குக் குறைவான அளவையும் காட்டும் என்பதால் அத்தனையும் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் எந்தப் பண்டத்தில் ஆபத்து கூடுதல் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

ஒவ்வொரு தட்டையும் அப்போதைக்கப்போது சமைக்கும், மெனு சிறிதாக இருக்கும் இடம் நல்லது. எல்லாம் வெளியிலிருந்து அரைகுறையாகச் சமைத்து வந்து இங்கே சூடாக்கும் இடத்தில், உங்களுக்குப் பதில் சொல்லவே ஆள் இருக்காது. பஃபே உங்களுக்கு ஆகாது. ஒரு கரண்டி நான்கு பாத்திரத்துக்குப் போய்வரும். தவிர்க்க முடியாத விருந்து என்றால் வரிசை திறக்கும் முன்பே உங்கள் பங்கைச் சமையலறையிலிருந்து, யாரும் கைவைக்காத பாத்திரத்திலிருந்து எடுத்து மூடி வைக்கச் சொல்லுங்கள். சில நாடுகளில் சீலியாக் சங்கங்களே உணவகங்களுக்குப் பயிற்சியும் தணிக்கையும் நடத்திச் சான்று தருகின்றன. அப்படி ஒன்று அருகில் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். மெனுவில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று இருப்பதும் ‘குளூட்டன் உள்ள பொருள் சேர்க்காதது’ என்று இருப்பதும் வேறு வேறு. இரண்டாவது, சேர்க்கும் பொருளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எண்ணெயையும் கரண்டியையும் பற்றி வாய் திறக்கவில்லை.

போகும் முன் தொலைபேசுங்கள். மதியக் கூட்டம் கலைந்து இரவுக் கூட்டம் தொடங்காத நேரம், மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே. தொலைபேசியை எடுப்பவரிடம் விவரம் சொல்லத் தொடங்காமல் மேலாளரையோ தலைமைச் சமையல்காரரையோ கேளுங்கள். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி வேண்டாம். ‘சீலியாக் உள்ளவர் வந்தால் உங்கள் சமையலறையில் என்னென்ன மாற்றிச் செய்வீர்கள்?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வெட்டுப்பலகை, வாணலி, எண்ணெய், கைகழுவுதல் என்று அவரே வரிசையாகச் சொன்னால் அது தெரிந்த இடம். ‘அதெல்லாம் பார்த்துக்கொள்வோம், கவலைப்படாதீர்கள்’ என்று மட்டும் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். ‘எங்களால் உறுதி தர முடியாது’ என்று ஒருவர் சொன்னால் கோபிக்க வேண்டாம், அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

நேரில், வாய்ப்பேச்சு பரிமாறுபவரிடமிருந்து சமையல்காரருக்குப் போவதற்குள் தேய்ந்துவிடும். கையளவு அட்டையில் எழுதிக் கொடுங்கள், அது நேரே அடுப்படிக்குப் போகட்டும். இப்படி எழுதலாம்:

‘எனக்குச் சீலியாக் நோய் உள்ளது. கோதுமை, மைதா, ரவை, பார்லி, ரை, சாதாரண ஓட்ஸ், மால்ட் இவை சிறிதளவு பட்டாலும் நோய்வாய்ப்படுவேன். சோயா சாஸ், ஸ்டாக் கட்டி, பிரெட் தூள், மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய சாஸ் ஆகாது. அரிசி, சோளம், உருளைக்கிழங்கு, முட்டை, பால், சாஸில் ஊறாத இறைச்சி, மீன், காய், பழம் சாப்பிடலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கழுவிய பலகை, கத்தி, வாணலி, இடுக்கியில் சமைத்துத் தாருங்கள். பாஸ்தா வெந்த நீரும் பிற பண்டம் பொரித்த எண்ணெயும் வேண்டாம். முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.’

சாப்பிடக்கூடியதையும் எழுதுவது அவசியம். ஆகாததை மட்டும் அடுக்கினால் சமையல்காரர் திகைத்து, ‘சாலட் மட்டும் தருகிறோம்’ என்று ஒதுங்கிவிடுவார். கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். மறுக்க வழி தந்தால்தான் உண்மையான பதில் வரும். வேறு மொழி பேசும் இடத்துக்குப் போகும்போது அந்த மொழியில் எழுதிய அட்டை வேண்டும்.

நம்பி ஆரம்பிக்க எளிய தட்டு: தோலோடு முழுதாகச் சுட்ட உருளைக்கிழங்கு, தாளில் சுற்றி வேகவைத்த மீன், ஸ்டாக்கோ மசாலாவோ சேர்க்காத வெறும் சோறு, ஆவியில் வேகவைத்த காய், அவித்த முட்டை, வெட்டாத பழம். சப்பென்று தோன்றலாம். ஓர் உணவகத்தில் இந்தத் தட்டை மூன்று நான்கு முறை சரியாகத் தந்துவிட்டார்கள் என்றால், அடுத்து இன்னொரு பண்டம் சேர்க்கலாம். கூட்டம் நெரிக்கும் நேரத்துக்கு முன்பாகவே போங்கள். அவசரத்தில்தான் கரண்டி மாறும்.

தட்டு வந்ததும், வாயில் வைக்கும் முன் ஒரு முறை கேளுங்கள்: ‘இது சீலியாக் ஆர்டர்தானே?’ வேறு மேசைத் தட்டு மாறி வருவது எந்த உணவகத்திலும் நடக்கிற தவறு. மேலே பிரெட் துண்டோ பிஸ்கட்டோ வைத்து வந்துவிட்டால் அதை எடுத்துவிட்டுத் தரச் சொல்லாதீர்கள், புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். புதுத் தட்டு வரும்வரை பழைய தட்டை மேசையிலேயே வைத்திருங்கள். உள்ளே அனுப்பினால், பிரெட்டை எடுத்துவிட்டு அதே தட்டைத் திருப்பிக் கொண்டுவரும் சபலம் அவசரத்தில் யாருக்கும் வரும். மேசையில் பிரெட் கூடை இருந்தால் மறுமுனைக்கு நகர்த்தச் சொல்லுங்கள். எல்லோரும் பிரெட்டைத் தோய்க்கும் சாஸ் கிண்ணத்தில் நீங்கள் தோய்க்கக் கூடாது. உங்களுக்கு முதலிலேயே தனிக் கிண்ணம்.

உங்கள் வயிற்றுக் கோளாறு எல்லாவற்றுக்கும் குளூட்டன்தான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். நோய் தெரிந்து முதல் ஓராண்டில் சிறுகுடல் உறிஞ்சிகள் முழுதாக ஆறியிருக்காது. பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் என்சைமும் அங்கேதான் சுரக்கிறது. பாலாடை ஊற்றிய சாஸ் சாப்பிட்ட மாலை வயிறு உப்பினால் அது லாக்டோஸாக இருக்கலாம். வெங்காயமும் பூண்டும் நிறையச் சேர்ந்தாலும் பலருக்கு உப்பும். எனவே ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்: எங்கே, என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு என்ன ஆனது. நான்கு வாரக் குறிப்பு கையில் இருந்தால் உங்கள் மருத்துவரும் உணவியல் நிபுணரும் பிரித்துச் சொல்ல முடியும். எதிர்ப்பக்கமும் உண்மை: ஒன்றும் ஆகவில்லை என்பதால் குளூட்டன் போகவில்லை என்று ஆகாது. அறிகுறியே இல்லாமல் குடல் சேதமாவது சீலியாக் நோயில் சகஜம். சந்தேகம் தீராவிட்டால், குளூட்டன் துண்டுகளைச் சிறுநீரிலோ மலத்திலோ கண்டுபிடிக்கும் சோதனைகள் உண்டு. உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால் அதை முறிக்க மருந்து கிடையாது. வலிய வாந்தி எடுப்பது, பேதி மருந்து, கரி மாத்திரை, பட்டினி எதுவும் வேண்டாம். பேதியானால் ஓஆர்எஸ் கரைசலை வாய்வாயாகக் குடியுங்கள், ஓய்வெடுங்கள், வயிற்றுக்கு எளிதான உங்கள் வழக்கமான குளூட்டன் இல்லாத உணவுக்குத் திரும்புங்கள். ‘இன்று கெட்டுவிட்டது, இனி என்ன’ என்று அன்றைய தினத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். ஒரு முறை பட்டதைவிட, அடுத்தடுத்துப் படுவதுதான் குடலை ஆறவிடாது. தண்ணீர்கூட நிற்காத வாந்தி, மலத்தில் ரத்தம், காய்ச்சல், மூன்று நாளைத் தாண்டும் பேதி என்றால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சீலியாக் வேறு, கோதுமை அலர்ஜி வேறு. கோதுமை அலர்ஜி உள்ளவருக்குச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சுத்திணறல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் அது இல்லாமல் உணவகத்துக்குப் போகக் கூடாது. மூச்சு திணறினால் முதலில் அந்த ஊசி, பிறகு அவசர சிகிச்சை; அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. ‘அலர்ஜி’ என்றால் சமையலறை விழித்துக்கொள்ளும் என்பதால் நீங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில் தவறில்லை. கூடவே பார்லியும் ரையும் ஆகாது என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

கூடச் சாப்பிடுகிறவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ‘இதுதான் என் மருந்து, இதைத் தவிர வேறு மருந்து இந்த நோய்க்கு இல்லை’ என்ற ஒரு வாக்கியம் போதும், அது முழு உண்மையும்கூட. அடுத்த முறை எங்கே சாப்பிடலாம் என்று பேச்சு வரும்போது, நீங்கள் முன்பே பேசிச் சரிபார்த்த இடத்தை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். தேர்வு அவர்கள் கையில் போனபின் மறுப்பதுதான் சங்கடம். முடியாத நாளில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய், மூடி போட்ட பாட்டில் பானமோ பழமோ வைத்துக்கொண்டு உட்காரலாம். பையில் எப்போதும் ஒரு வேளைக்கான வறுத்த கடலையும் பழமும் இருந்தால், பசியில் ‘பரவாயில்லை’ என்று சாப்பிட்டுவிடும் நிலை வராது.

ஆன்டிபாடி விஷயத்தில் கலங்க வேண்டாம். தொடக்கத்தில் அளவு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு ஒன்பது மாதத்தில் இயல்புக்கு வராமலிருப்பது புதிதல்ல. ஓராண்டுக்கு மேலும் ஆகும். இறங்கிக்கொண்டே வருகிறதா, ஒரே இடத்தில் நின்றுவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த மூன்று மாதத்துக்கு வெளியே சாப்பிடுவதை வாரம் ஒரு வேளையாகக் குறைத்து, அந்த ஒரு வேளையையும் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்த ஒன்றிரண்டு இடங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சூப்பையும் பொது எண்ணெயில் பொரித்ததையும் அந்த மூன்று மாதமும் தொடாதீர்கள். ஓராண்டு நிறையும்போது மறுபடி ஆன்டிபாடியோடு இரும்புச்சத்து, வைட்டமின் டி, பி12, ஃபோலேட் அளவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள், குறிப்பேட்டையும் கையோடு கொண்டுபோங்கள். எண் இறங்கியிருந்தால் இரண்டாவது வேளையைச் சேர்க்கலாம். இத்தனைக்குப் பிறகும் நின்ற இடத்திலேயே நின்றால், வீட்டு மசாலா டப்பாக்கள், சாப்பிடும் மாத்திரைகள் உட்பட எல்லாவற்றின் லேபிளையும் எடுத்துக்கொண்டு உணவியல் நிபுணரிடம் உட்கார வேண்டியிருக்கும்.